குளிருக்கு முன்பணம்

புரட்டாசி மூன்றாம் சனிக்குள் சொல்லியாக வேண்டும்
லூதியானா ஏஜெண்டுக்கு:
எத்தனை பேல், எத்தனை குரங்குக் குல்லா,
குழந்தை சைஸ் எத்தனை.
அப்போது வேலூரில்
தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கும்.
கோட்டை அகழித் தண்ணீர்
கொதிக்குமுன் இருப்பதுபோல் சும்மா இருக்கும்.
அந்த வெயிலில் நின்றுகொண்டு
மார்கழியை எண்ணிச் சொல்ல வேண்டும் நான்.

ஆகவே பார்க்கிறேன்.
ஆஸ்பத்திரிக்கு எதிர் பிளாட்பாரத்தில்
தார்ப்பாய் விரித்த பதினோரு வருஷமும் இதே வேலை.
குளவி இம்முறை டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்கு
உள்ளே போய்க் கூடு வைத்தது.
தட்டான்கள் முழங்கால் உயரத்தில்.
நிலாவைச் சுற்றி வட்டம்.
அகல வட்டம் பகல் மழை என்பார்கள்,
எத்தனை அகலம் என்றுதான்
ஒருத்தரும் சொல்லி வைக்கவில்லை.
கையை நீட்டி அளந்தேன். ஒரு சாண்.

பக்கத்துக் கடை அன்சர் பாஷாவின்
குடைக்கட்டு மேல்
எறும்பு முட்டையோடு ஏறியது.
"மழைதாம்மே இந்த வருசம்" என்றார்,
லாட்டரி விழுந்த முகத்தோடு.
எனக்கு வயிறு கலங்கியது.

மேகம் வந்தால் எனக்குக் குளிர் கிடையாது.
மேகம் ஒரு கம்பளி,
ஊருக்கே ஓசியில் போர்த்திவிடும்.
வானம் துடைத்தாற்போல் வெளுத்து
வடக்குக் காற்று உலர்ந்து வந்தால்தான்
ஜவ்வாது மலைக் குளிர் கீழே இறங்கி
ஆட்களை என்னிடம் அனுப்பும்.
அவருக்கு ஊர் நனைய வேண்டும்,
எனக்கு ஊர் நடுங்க வேண்டும்.
மேலே இருப்பது ஒரே முதலாளி.

டீ ஆறிக்கொண்டிருந்தபோது அவர்தான் கேட்டார்:
"உன் ஸ்வெட்டர்ல முப்பது எனக்கு எயுது,
என் கொடையில முப்பது நீ எடுத்துக்க.
எறும்பு பொய் சொன்னாலும் ஒல கொதிக்கும்."
பீடிக்கட்டுத் தாளில் கணக்குப் போட்டோம்.

அன்றிலிருந்து எறும்பின் மேல் கோபம் வரவில்லை.
அதுதான் வினை.
எதைப் பார்த்தாலும் நல்ல சகுனமாகத் தெரிந்தது,
ஒன்றையும் நம்ப முடியவில்லை.

ஐப்பசி தூறிவிட்டுப் போனது.
கார்த்திகையில் ஒரு புயல்
பெயரெல்லாம் வைத்துக்கொண்டு
ஆந்திரா பக்கம் திரும்பிக்கொண்டது.
பாலாறு மணலாகவே கிடந்தது.
மார்கழி எட்டாம் தேதி விடியலில்
தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தேன்.
ஒரு சொட்டு வரவில்லை.
குலுக்கினேன். கல்.
தலை வாராமலே கடைக்கு ஓடினேன்.

ஆட்டோக்காரர் குல்லாவை அங்கேயே மாட்டிக்கொண்டு
மீதிச் சில்லறை வாங்காமல் போனார்.
மனைவியின் ஸ்கேனுக்காகக் காத்திருந்த
சிலிகுரிக்காரர் மட்டும்
அரைக்கைச் சட்டையில் நின்று
எங்களையெல்லாம் பார்த்துச் சிரித்தார்.
பல மாதம் கழித்துச் சிரிக்கிறவர் மாதிரி இருந்தது.
நான் விலை சொல்லவில்லை.

ஆறு நாள் விற்றது.
ஏழாம் நாள் மூட்டம்.

முள்ளுக் கத்திரிக்காய்க் கூடையை இறக்கிய
அணைக்கட்டு சகுந்தலா அண்ணாந்து பார்த்து
"கர்ப்போட்டம் ஆரம்பிச்சிடுச்சி" என்றாள்.
இந்தப் பதினாலு நாளில் சூல் கொள்ளும் மேகம்தான்
ஆனியிலிருந்து ஒவ்வொன்றாய்ப் பெறுமாம்.
என் வியாபாரத்தைக் கெடுக்க வந்தது
பிள்ளைத்தாச்சி என்று தெரிந்த பிறகு
திட்டவும் வாய் வரவில்லை.

பத்தொன்பது ஸ்வெட்டர் மிச்சம்.
குடை இருபத்தேழு.
கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
முதல் நாள், மூட்டம், காற்றில்லை.
இரண்டாம் நாள், மூட்டம், பத்து மணிக்கு நாலு துளி.
மூன்றாம் நாள்

எழுதுமுன் காற்று மாறியது.
எந்தப் பக்கத்திலிருந்து என்று பிடிபடவில்லை.
விலைச்சீட்டைக் கழற்றாமல்
ஒரு ஸ்வெட்டரை நானே போட்டுக்கொண்டு
மேலே பார்த்தேன்.
அன்சர் பாஷாவும் பார்த்துக்கொண்டிருந்தார்,
கையில் விரித்த குடையோடு,
அதைச் சற்றே ஒதுக்கிப் பிடித்து.